ஆளா, கணக்கா? பிள்ளை ஆய்வு செய்வதற்கு முன் ஒரு கேள்வி

நவம்பர் பிறந்ததும் என் கைப்பேசிக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு முடிந்திருக்கும். நீண்ட விடுமுறை. பிள்ளை கட்டிலில் கிடந்து திரையைத் தேய்த்துக்கொண்டிருப்பான். அம்மாவுக்குப் பொறுக்காது. "டீச்சர், பக்கத்து புளோக் பொண்ணு ஏதோ ரிசர்ச் பண்ணுதாம். இவனும் பண்ணினா யூனிவர்சிட்டிக்கு நல்லதுதானே?"

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் இருபது வருடமாக வேதியியலும் உயிரியலும் துணைப்பாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் கைப்பேசியில் பதில் சொல்வதில்லை. வீட்டுக்கு வரச் சொல்லி, சமையலறை மேசையில் உட்காரவைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பேன்: அந்த விண்ணப்பத்தை முதலில் பார்க்கப்போவது ஆளா, கணக்கா?

புரியாமல் விழிப்பார்கள். அப்புறம்தான் தாளும் பேனாவும் எடுப்பேன்.

நம்மூர்ப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான படிப்புகளுக்கு முதலில் பார்ப்பது கணக்குதான். 2026 சேர்க்கையிலிருந்து, ஏ நிலைத் தேர்வின் மூன்று எச்2 (முதன்மைப்) பாடங்களும் பொதுத்தாளும் சேர்த்து மொத்தம் 70 புள்ளி. முன்பு 90 இருந்தது. எச்2 பாடத்தில் ஏ வாங்கினால் 20, பி வாங்கினால் 17.5. பொதுத்தாளில் ஏ என்றால் 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியைக் கூட்டுவதாக இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். புரொஜெக்ட் வொர்க் இப்போது தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான்; புள்ளிக்குள் வராது. எச்2-ஐ விட ஆழமான எச்3 பாடம் கூட இந்தக் கூட்டலில் இல்லை. அப்படியிருக்க, பிள்ளை தானாக வீட்டில் செய்த ஆய்வுக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு? பூஜ்யம்.

பூஜ்யமானால் நட்டமில்லை என்று நினைக்காதீர்கள். ஆய்வுக்காக ஆறு மாதம் சனிக்கிழமைகளைக் கொடுத்து, அதனால் இயற்பியல் ஏ-யிலிருந்து பி-க்கு இறங்கினால் 2.5 புள்ளி கையை விட்டுப் போகிறது. 70-இல் 2.5 என்பது சில படிப்புகளில் கதவு திறப்பதற்கும் மூடுவதற்கும் உள்ள தூரம்.

அதனால் முதல் வேலை, பிள்ளை நினைத்திருக்கும் படிப்புக்கு முந்தைய ஆண்டு சேர்ந்தவர்களின் மதிப்பெண் அட்டவணையைப் பார்ப்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் 10ஆம் சதமானம் என்று ஒரு வரிசை இருக்கும். உள்ளே போனவர்களில் அடிமட்டத்தை ஒட்டியவர்களின் மதிப்பெண் அது. பிள்ளைக்கு நியாயமாக எதிர்பார்க்கும் மதிப்பெண் அதைவிடத் தாராளமாக மேலே இருந்தால், சேர்க்கைக்காக ஆய்வு தேவையே இல்லை. ரொம்பக் கீழே இருந்தால் ஆய்வு தூக்கிவிடாது. அந்த எல்லைக்கோட்டை ஒட்டி, ஒரு மயிரிழை கீழே இருக்கிறானா? அப்போதுதான் பேசவேண்டியிருக்கிறது. மதிப்பெண்ணோடு மற்ற ஆற்றல்களையும் பார்த்துச் சேர்க்கும் வழி ஒன்று நம் பல்கலைக்கழகங்களில் உண்டு. அந்த வழியில் போகும் விண்ணப்பத்தை ஆள் உட்கார்ந்து படிக்கிறார்.

ஆள் படிக்கும் இடங்கள் வேறு சிலவும் உண்டு. மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், கட்டடக்கலை போன்றவற்றுக்கு நேர்காணலோ தனித் தேர்வோ இருக்கிறது. ஆனால் மருத்துவத்துக்கு நான் எப்போதும் ஒரு எச்சரிக்கை சொல்வேன்: அங்கே ஆய்வுக்கூடத்தில் நின்றதைவிட மனிதர்களோடு நின்றதைத்தான் கேட்பார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு வருடம் போய்வந்த பெண்ணை அதை நிறுத்திவிட்டு ஆய்வு செய்யச் சொன்ன அப்பாவிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். நேர்மாறாக, நன்யாங்கின் சி.என். யாங் திட்டம் போல ஆய்வையே மையமாக வைத்த படிப்புகளுக்கும், ஆய்வாளர்களை உருவாக்குவதற்காக அரசின் ஆய்வு அமைப்பான ஏ*ஸ்டார் கொடுக்கும் உபகாரச் சம்பளங்களுக்கும் ஆய்வு அனுபவம் நேரடியாகப் பேசும். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளுக்கு இறுதியாண்டுத் திட்டப்பணி இருக்கிறது. அதையே ஒழுங்காகச் செய்யட்டும், இன்னொன்று எதற்கு?

வெளிநாடு என்றால் ஆள்தான் படிக்கிறார், ஆனால் அவருக்கு நேரம் குறைவு. அமெரிக்காவின் பொது விண்ணப்பத்தில் பத்து நடவடிக்கைகள் எழுதலாம். ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகள்தான். சொற்கள் இல்லை, எழுத்துகள். இடைவெளியும் சேர்த்தி. எட்டு மாத உழைப்பு ஒன்றரை வரியில் அடங்கவேண்டும். பிரிட்டனில் 2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, உன் பாடங்கள் எப்படித் தயார்ப்படுத்தின, பாடத்துக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து. பள்ளி வழியே செய்த ஆய்வு இரண்டாவதில் போகும், தானாகச் செய்தது மூன்றாவதில். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அதற்குப் பிறகு நேர்காணல் இருக்கிறது. அங்கே பாடம் கற்பிப்பவரே எதிரில் உட்கார்ந்து நோண்டுவார். ஆய்வு அங்கே உதவவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும்.

கவிழ்த்த கதை என் வீட்டிலேயே உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2018இல் என் மூத்தவள் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. இணையத்தில் ஒரு நிறுவனம்: வெளிநாட்டு ஆய்வாளரோடு பன்னிரண்டு வாரம், முடிவில் ஒரு கட்டுரை, சான்றிதழ். விலை 3,800 வெள்ளி. இதழில் வெளியிடவேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம். ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்லும் நான், என் பிள்ளை என்றதும் கட்டிவிட்டேன். புற்றுநோய்த் திசுப் படங்களைக் கணினி இனம்பிரிப்பது பற்றிய தலைப்பு. அதை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டியலில் இருந்ததில் ஒன்று. நிரலில் முக்கால்வாசி முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. கட்டுரை பார்க்கப் பளபளப்பாக இருந்தது. நானே நான்கு பேருக்கு அனுப்பினேன்.

அடுத்த ஆண்டு லண்டனில் ஒரு கல்லூரியின் இணைய நேர்காணல். நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். "இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" "என் வழிகாட்டி சொன்னார்." "படங்களைக் கணினிக்குக் கற்பிக்க, பிறகு அதைச் சோதிக்க என்று இரண்டாகப் பிரித்திருக்கிறாயே, ஒரே நோயாளியின் படம் இரண்டு பக்கமும் வந்திருக்கலாம் இல்லையா?" அமைதி. "அதை வழிகாட்டி பார்த்திருப்பார்." மூன்றாவது முறையும் வழிகாட்டி வந்தபோது நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்த இடம் கிடைக்கவில்லை. பிறகு அவள் தன் புள்ளிகளைக் கொண்டே இங்கே நன்றாகச் சேர்ந்து படித்தாள். அந்தக் கட்டுரையைப் பற்றி அவளிடம் அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை, நானும் உட்பட.

காசு கொடுத்துச் செய்யும் எதுவும் மோசம் என்று சொல்லவரவில்லை. ஆனால் காசு கட்டும் முன் விளம்பரத்தில் இரண்டு இடத்தைப் பாருங்கள். தலைப்பைப் பிள்ளை தேர்ந்தெடுக்கிறதா, அவர்கள் கொடுக்கிறார்களா? முடிவில் வெளியீடு உறுதி என்று எழுதியிருக்கிறதா? ஆய்வு என்றால் முடிவு என்ன வரும் என்று தெரியாது. தெரியாத ஒன்றுக்கு வெளியீட்டை முன்கூட்டியே உறுதி கொடுப்பவர் என்ன விற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். விண்ணப்பம் படிப்பவர்களும் இந்தச் சரக்கை நிறையப் பார்த்தவர்கள்.

இங்கே காசில்லாத வழிகள் இருக்கின்றன. தற்காப்பு ஆய்வு அமைப்பான டிஎஸ்ஓவும் சேர்ந்து நடத்தும் இளம் தற்காப்பு அறிவியலாளர் திட்டம், நன்யாங் ஆய்வுத் திட்டம், கல்வி அமைச்சின் அறிவியல், மனிதவியல் ஆய்வுத் திட்டங்கள் என்று பள்ளி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். இடம் குறைவு, போட்டி அதிகம். கிடைத்தால் நல்ல ஆய்வுக்கூடம், நல்ல ஆள், சிங்கப்பூர் அறிவியல் பொறியியல் கண்காட்சிவரை போக வாய்ப்பு. பிள்ளையின் ஆசிரியரிடம் முதலில் இதைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால்தான் தனி ஆய்வு.

தனி ஆய்வு எப்படி இருந்தால் எடுபடும் என்பதற்கு என்னிடம் படித்த ஒரு பையனைச் சொல்கிறேன்.

2021 கடைசியில் வந்தான். தாழ்வாரத்தில் அவன் அம்மா மல்லிகைத் தொட்டி வைத்திருக்கிறார். சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி தட்டில் நின்ற தண்ணீரைப் பார்த்து எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். பையனுக்குக் கோபம். மழை பெய்தால் டெங்கி கூடுமா என்று தானே பார்க்கப்போகிறானாம். மாடிக்கு மாடி கப்பில் தண்ணீர் வைத்துப் புழுக்களை எண்ணுவது திட்டம். "டேய், வீட்டுக்கு அபராதம் வரும்" என்று தடுத்தேன். கொசுவை வளர்க்காமல் அதே கேள்வியைக் கேட்க வழியிருக்கிறதா என்று தேடச் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாரியத்தின் இணையப் பக்கத்தில் ஈசூனிலும் அவன் பாட்டி வீட்டுப் பேட்டையிலும் உள்ள டெங்கிக் குழுமங்களை, அதாவது நோயாளிகள் கூட்டமாக இருக்கும் இடங்களை, குறிக்க ஆரம்பித்தான். மழையளவை வானிலை ஆய்வகப் பக்கத்திலிருந்து இறக்கினான். ஒரு நீல நோட்டு, ஒரு எக்செல் தாள், அவ்வளவுதான் செலவு.

முதல் வரைபடத்தைக் கொண்டுவந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. மழைக்கும் நோய்க்கும் சம்பந்தமே தெரியவில்லை. "இந்த வார மழையை இந்த வார நோயாளிகளோடு வைத்துப் பார்க்கிறாயே, கொசு ஒரே நாளில் வளர்ந்து கடித்துக் காய்ச்சல் கொடுத்துவிடுமா?" என்று மட்டும் கேட்டேன். போய்ப் படித்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், கடித்த கொசுவுக்குள் கிருமி பெருக மேலும் ஒரு வாரம் பத்து நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் சில நாள். மூன்று நான்கு வாரம் தள்ளி வைத்துப் பார்த்தான். பாட்டி வீட்டுப் பேட்டையில் லேசாக ஒரு சாயல் தெரிந்தது. ஈசூனில் அதுவும் இல்லை.

அப்புறம்தான் அவனுக்கே பொறி தட்டியது. 2016இலிருந்தே ஈசூனைச் சேர்ந்த நீ சூன் ஈஸ்ட்டில் வொல்பாக்கியா கிருமி ஏற்றிய ஆண் ஏடிஸ் கொசுக்களை வாரியம் பறக்கவிட்டு வருகிறது. அவற்றோடு இணையும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. ஆக ஈசூனும் பாட்டி பேட்டையும் ஒப்பிடக்கூடிய இரண்டு இடங்களே இல்லை. போதாக்குறைக்கு அந்த ஆண்டு பரவிய டெங்கி வைரசின் வகையும் முன்பு பரவியதிலிருந்து மாறியிருந்தது. 2022 முழுவதும் 32,000 பேருக்கு மேல் நோய் கண்டது. மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கனமழை புழுக்களை அடித்துக்கொண்டு போவதும் உண்டு. ஜூனில் அவன் எழுதிய ஆறு பக்கத்தின் கடைசிப் பத்தி, "என் தரவைக் கொண்டு என் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது" என்று தொடங்கி, ஏன் முடியாது என்பதற்கு மூன்று காரணங்களைச் சொன்னது.

ஓர் உபகாரச் சம்பள நேர்காணலில், "உன் வரைபடம் ஏன் சொதப்பியது?" என்று கேட்டிருக்கிறார்கள். பேச விட்டிருக்கிறார்கள், பேசியிருக்கிறான். கிடைத்தது ஆய்வினாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. ஆனால் என் மகளுக்கு வந்த அந்த அமைதி அவனுக்கு வரவில்லை.

அறிவியல் பிள்ளைகளுக்குத்தான் இது என்றில்லை. சட்டம் படிக்க நினைத்த ஒரு பெண், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தன் தாத்தாவிடமிருந்து ஆரம்பித்தாள். பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பப்போவதாக 1968 ஜனவரியில் அறிவித்தபோது வீட்டுச் செலவில் முதலில் எதை வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி. தாத்தா சொன்னதை தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளோடும் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் பார்த்த பழைய தமிழ் முரசோடும் வைத்துப் பார்த்தாள். தாத்தாவின் கதையில் இரண்டு வருடங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. ஒரு சாட்சியை எதுவரை நம்பலாம் என்று சட்டம் படிக்கப் போகிறவள் எழுத அது போதுமானதாக இருந்தது.

எடுபடாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன்: முப்பது நண்பர்களுக்கு கூகல் படிவம் அனுப்பி, "சமூக ஊடகம் மாணவர் மனநலத்தைப் பாதிக்கிறது" என்று முடிப்பது. வருடத்துக்குக் குறைந்தது மூன்று வந்துவிடும். பதிலை முதலிலேயே வைத்துக்கொண்டு படிவம் அனுப்பியிருப்பார்கள்.

சரி, உங்கள் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு, "நீ எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் தலைப்பாக வந்தால் இன்னும் பழுக்கவில்லை. "செயற்கை நுண்ணறிவும் சுகாதாரமும்" என்பது தலைப்பு. "மழை பெய்த எத்தனையாவது வாரத்தில் டெங்கி கூடுகிறது" என்பது கேள்வி. அடுத்து, விண்ணப்பத்தில் இதை எழுதவே முடியாது என்றால் செய்வாயா என்று கேளுங்கள். உடனே "அப்போ எதுக்கு?" என்று வந்தால் சந்தோஷமாக விட்டுவிடுங்கள், நேர்மையான பிள்ளை, நேரத்தைப் பாடத்துக்குக் கொடுக்கட்டும். ஏற்கெனவே பாதி செய்துவிட்ட பிள்ளை என்றால், கோப்பு இல்லாமல் பத்து நிமிடம் பாட்டியிடம் விளக்கச் சொல்லுங்கள். பாட்டிகள் "அதெப்படி?" என்று கேட்பதில் பேராசிரியர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

நேரக் கணக்கும் முக்கியம். முதலாம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் தொடங்கி, இரண்டாம் ஆண்டு ஜூன் விடுமுறைக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். முடியவில்லை என்றால் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கேயே நிறுத்தி, "இதுவரை பார்த்தது இது" என்று எழுதிவிடலாம், தப்பில்லை. ஜூலைக்கு மேல் முன்னோட்டத் தேர்வு வந்துவிடும். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ், பிரிட்டிஷ் மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15 கடைசி நாள். பையன்களுக்கு இரண்டாண்டு தேசிய சேவை இருக்கிறது. மறுபடி விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அந்த வார இறுதிகளில் நிதானமாகச் செய்வதையும் பார்த்திருக்கிறேன். முகாமிலிருந்து வந்து தூங்காமல் எக்செல் திறப்பவனுக்கு உண்மையிலேயே அதில் ஆசை இருக்கிறது என்று அர்த்தம்.

விண்ணப்பத்தில் எழுதும்போது பெரிய சொற்களை எடுத்துவிடுங்கள். பையன் முதலில் எழுதிவந்தது: "டெங்கி நோய்ப் பரவல் குறித்து ஆழமான தரவு ஆய்வு மேற்கொண்டு, தலைமைத்துவத் திறனை வளர்த்துக்கொண்டேன்." தனியாக நோட்டில் எழுதினவன் யாருக்குத் தலைமை தாங்கினான்? சிவப்புப் பேனாவால் அடித்தேன். கடைசியில் நின்றது: "30 வாரம் இரண்டு பேட்டைகளின் மழையையும் டெங்கியையும் ஒப்பிட்டேன். ஒப்பீடு தவறு என்று கண்டுபிடித்தேன், காரணம் வொல்பாக்கியா." யாராவது உதவியிருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். மழைத் தரவை இறக்க அக்கா சொல்லிக்கொடுத்தாள் என்றால் அக்கா சொல்லிக்கொடுத்தாள்தான்.

போன மாதம் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். வேதியியல் படிக்கவேண்டும், இங்கேதான். அட்டவணையைப் பார்த்தோம், அவளுக்கு வரக்கூடிய புள்ளி கோட்டுக்கு நன்றாகவே மேலே இருக்கிறது. "உனக்கு ஆய்வு தேவையில்லை, கரிம வேதியியலைப் பார்" என்றேன். அம்மாவுக்கு ஏமாற்றம். பெண் மட்டும் எழுந்திருக்காமல், "டீச்சர், தஞ்சாவூரில் தயிர் இவ்வளவு சீக்கிரம் புளிக்காதுன்னு பாட்டி சொல்றாங்க. ஏசி அறையில் வைத்தால் எவ்வளவு மாறும்னு பார்க்கலாமா?" என்றாள். விண்ணப்பத்துக்கு இல்லையே என்றேன். இல்லை, சும்மாதான் என்றாள். அலமாரியிலிருந்து புளிப்பை அளக்கும் பிஎச் தாள் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பத்து நாளுக்கு மேல் கூடாது என்று கறாராகச் சொல்லித்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வாட்ஸப்பில் நான்கு கிண்ணங்களின் படம் வந்தது. எது எந்த அறையில் இருந்தது என்று பெயர் ஒட்ட மறந்துவிட்டாளாம், முதலிலிருந்து தொடங்குகிறாளாம்.